மஞ்சள் மலைப்பாம்பை வீட்டுக்கு எடுப்பதா? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் நார்த்டேல் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 2023 மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் இறுதியில் முடிந்த விஷயம் இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆயா, அவருடைய மகன், மருமகள், 24 வயதுப் பேரன். கல்யாணமாகிப் போன பேத்தி, வேலை நாட்களில் தன் ஒன்றரை வயதுக் குழந்தையை இங்கே விட்டுப் போவார். பேரனுக்கு ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை. சின்ன வயதிலிருந்தே பாம்பு என்றால் அவருக்கு உயிர். நான் இந்தப் பக்கத்தில் வீடுகளுக்குள் புகுந்துவிடும் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவன். அப்படித்தான் அவரோடு பழக்கம்.

மே மாதம் அவர் போன் செய்தார். "அண்ணா, ஒரு பைதான் ஃப்ரீயா கிடைக்குது. எடுக்கலாமா?"

அவருடைய நண்பர் ஒருவருக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. அந்த நாட்டில் பாம்பு வைத்துக்கொள்வதே சட்ட விரோதம், விலங்குக் காட்சிசாலையில்கூடக் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் விமானம். அதற்குள் பாம்புக்கு ஒரு இடம் பார்த்தாக வேண்டும். பாம்பு, பெட்டி, வெப்பத் தகடு, தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து இலவசம்.

எந்தப் பாம்பு

பர்மா மலைப்பாம்பு. நான்கு வயதுப் பெண். நம் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களிலும் ஆற்றோரங்களிலும் இருக்கும் மலைப்பாம்பு இது இல்லை. நம்முடையது தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு, பாதுகாக்கப்பட்ட இனம். பர்மா மலைப்பாம்பின் சொந்த ஊர் பர்மா, தாய்லாந்து, வியட்நாம், தென் சீனா என்று அந்தப் பக்கம். இங்கே வந்ததெல்லாம் வளர்ப்புப் பிராணி வியாபாரம் வழியாக.

முட்டையிலிருந்து வரும்போது அரை மீட்டர் சுமார்தான் இருக்கும், கையில் சுற்றிக்கொண்டால் அழகாகத்தான் இருக்கும். நன்றாகத் தீனி போட்டால் ஒரே வருடத்தில் இரண்டு மீட்டரைத் தாண்டும். வளர்ந்த பெண் பாம்பு நான்கிலிருந்து ஐந்து மீட்டர் வரை போவது சாதாரணம். ஆயுள் இருபது வருடத்துக்கும் மேல். அமெரிக்காவில் ஒரு பாம்புப் பூங்காவில் இருந்த ஒன்று 5.74 மீட்டர் நீளமும் 180 கிலோவுக்கு மேல் எடையும் இருந்தது. கடையில் குட்டியை வாங்குகிற எத்தனை பேருக்கு இதையெல்லாம் சொல்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நண்பரின் வீட்டில் பார்த்தவை

ஜூன் தொடக்கத்தில் பேரனோடு போய்ப் பார்த்தேன். ஆல்பினோ வகை. வெள்ளை உடம்பில் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திட்டுகள். நீளம் 3.3 மீட்டர், எடை 24 கிலோ. பையில் போட்டு, தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் என் எடையைக் கழித்தோம்.

குணம் நல்ல குணம். கொக்கியால் முதலில் உடம்பை லேசாகத் தொட்டு, "இப்போது தீனி இல்லை" என்று உணர்த்திவிட்டுத்தான் நண்பர் எடுப்பார். அந்தப் பழக்கத்தை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். பாம்பு சீறவில்லை, தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை, நாக்கை நிதானமாக நீட்டி என் சட்டைக் கையை முகர்ந்தது.

பெட்டி போதாது. நீளம் 1.8 மீட்டர்தான். இந்த அளவுப் பாம்புக்கு 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமுமாவது வேண்டும். மூக்கு நுனியில் செதில் தேய்ந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இரவெல்லாம் கண்ணாடிக் கதவின் ஓரத்தை முட்டித் தள்ளிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக்கு இருந்தது நகைக்கடைக் கண்ணாடி அலமாரிக்குப் போடும் ஒரே ஒரு சின்னப் பூட்டு.

தனியாக இருக்கும்போது வெளியே எடுப்பாரா என்று கேட்டேன். "நாலு வருஷமாத் தனியாத்தான் எடுக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்றார். மூன்று மீட்டருக்கு மேலுள்ள மலைப்பாம்பை ஒருவர் தனியாகக் கையாளக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் பலரும் ஒப்புக்கொண்ட விதி. அது பாம்பின் குணத்தைப் பார்த்து வைத்த விதி இல்லை. தீனி வாசனையில் ஒரு முறை கையை இரை என்று நினைத்துவிட்டால் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். அழுத்தத்தில் ரத்த ஓட்டம் தடைபடும், சில நொடிகளில் நினைவு தப்பும். வாலிலிருந்து சுற்றைப் பிரிக்க இன்னொரு ஆள் வேண்டும். சுற்றுக்குள் இருப்பவரால் அது ஆகாது.

காகிதம் என்று பார்த்தால் வாங்கிய ரசீது மட்டும் இருந்தது. எல்லா மலைப்பாம்புகளும் வனவுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. இங்கே மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். குவாசூலு-நட்டாலில் இதையெல்லாம் பார்ப்பது எசெம்வேலோ வனவுயிர் அமைப்பு, தலைமையகம் இதே ஊரில் குயின் எலிசபெத் பூங்காவில். எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் பாம்பு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகரக் கூடாது என்று அன்றே பேசி முடித்துக்கொண்டோம்.

நார்த்டேல் வீட்டில் பார்த்தவை

பின்பக்க அவுட்பில்டிங் அறையைப் பாம்புக்கு ஒதுக்கலாம் என்பது பேரனின் திட்டம். அறை கராஜோடு ஒட்டியது. சீலிங் பலகையில் ஒரு மூலை மழைநீர் பட்டு ஊறித் தொங்கியது. கதவுக்குக் கீழே நான் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போயிற்று.

2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கேம்பல்டன் என்ற ஊரில் நடந்ததை அந்த அறையில் நின்றுதான் அவர்களுக்குச் சொன்னேன். வீட்டுக்குள் வைத்திருந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு அடைப்பிலிருந்து காற்றோட்டக் குழாய் வழியாகப் போய், வேறொரு அறையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களின் மேல் விழுந்தது. ஒருவனுக்கு 6 வயது, தம்பிக்கு 4. இருவரும் இறந்துபோனார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். ஆனால் இந்த வீட்டில் பகலெல்லாம் ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்து நடந்துகொண்டிருந்தது. ஓட்டையை அடைக்காமல் அந்தப் பேச்சைத் தொடரவே முடியாது.

பேரனின் அம்மா கணக்கைக் கேட்டார். நான்கு வயதுப் பாம்பு இருபது தாண்டி வாழும் என்றால் பதினாறு வருடத்துக்கு மேல் பார்க்க வேண்டும். பேரனுக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம், வேறு ஊர் வேலை, வாடகை வீடு எல்லாம் அதற்குள் வரும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சீலிங்கை மாற்ற என்ன ஆகும் என்று அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆயாவுக்குப் போனில் படம் காட்டினார்கள். மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். சரி, ஆயா ஆதரவு என்று பேரன் நினைத்துக்கொண்டார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஆயா என்னிடம் சொன்னது வேறு: "பாம்பு தானா வீட்டுக்கு வந்தா விரட்டக் கூடாது, தம்பி. இது தானா வரலையே. இவன்தானே தூக்கிட்டு வர்றான். தூக்கிட்டு வந்தவன் கடைசி வரைக்கும் பார்க்கணும்ல?"

அடுத்து அவர் கேட்டது யாரும் யோசிக்காதது. புரட்டாசியில் இந்த வீட்டில் மீன், கறி எதுவும் வராது, பாத்திரம் முதற்கொண்டு தனி. பாம்புக்குத் தீனியாகப் போடும் செத்த முயலை எந்த ஃப்ரீசரில் வைப்பீர்கள்? தனி ஃப்ரீசர் வேண்டும், அவுட்பில்டிங்கில். சால்மொனெல்லா கிருமியை வைத்துப் பார்த்தாலும் ஆயா சொன்னதுதான் சரி. சாப்பாட்டு ஃப்ரீசரில் பாம்புத் தீனியை வைக்கவே கூடாது.

முதல் முடிவு: பாம்பை நகர்த்தாமல் பழகுவது

எடுக்கலாம், வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பேரனின் ஆர்வம் நிஜமானது. பாம்பும் சாதுவானது. ஆனால் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால், திருப்பி அனுப்புவது ஒரு பாம்பைத் தூக்குவதைவிடக் கஷ்டம். அதனால் பாம்பு நண்பர் வீட்டிலேயே இருக்கட்டும், ஜூன் நடுவிலிருந்து முழுப் பொறுப்பும் பேரனுடையது என்று முடிவெடுத்தோம். தீனி, சுத்தம், தண்ணீர், வெப்பம், செலவு எல்லாமே. நண்பர் பார்ப்பார், கை வைக்க மாட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுத வேண்டும். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டாவதாக யார் கூட இருந்தார்கள் என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை வைத்ததற்குக் காரணம், பதினாறு வருடத்துக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது ஆள் யார் என்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் பட்டதால். அம்மா பாம்பைத் தொட மாட்டார். அப்பாவுக்கு முதுகுவலி. மிச்சம் இருந்தது ஒரு மாமா மகன், அவருக்கும் ஷிஃப்ட் வேலை.

ஜூன், ஜூலையில் நடந்தது

முதல் தீனி ஒழுங்காக நடந்தது. நானும் இருந்தேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த முயலை இரவு முழுக்க உருக விட்டு, வெந்நீரில் சூடாக்கி, துணியால் துடைத்து, நீள இடுக்கியில் பின்னங்காலைப் பிடித்து உள்ளே நீட்டினார். பாம்பின் தலை அசையவில்லை. உதட்டோரத்தில் இருக்கும் வெப்பம் உணரும் குழிகள் முயலின் பக்கம் திரும்பி நின்றன. அடுத்த கணம் முயல் சுருளுக்குள் இருந்தது. அது பாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பேரனின் கையிலிருந்த இடுக்கி வளைந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா மகன் அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை.

இரண்டாவது தீனிக்குப் பிறகுதான் மின்வெட்டு குறுக்கே வந்தது. அந்த வருடம் நாடு முழுக்க லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மிக மோசம், சில நாட்களில் அதன் கடுமை அளவில் ஆறாம் நிலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், மறுபடி வரும், மறுபடி போகும். ஜூலை இங்கே குளிர்காலம், இந்த ஊரின் இரவுக் குளிர் எல்லோருக்கும் தெரியும், ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பர்மா மலைப்பாம்புக்கு வெப்பப் பக்கம் 30 முதல் 32 டிகிரி, குளிர்ப் பக்கம் 25, 26 டிகிரி வேண்டும், முக்கியமாக இரை செரிக்கும்போது. வெப்பமானி குறித்து வைத்திருந்த குறைந்த அளவு 18.

நான்காம் நாள் பாம்பு முயலைக் கக்கிவிட்டது. பேரன் கதவைத் திறந்தபோது அந்த வீட்டின் கூடம் வரை நாற்றம். பாதி கரைந்து, ரோமம் ஒட்டிக் கிடந்த அதை அவரே அள்ளிச் சுத்தம் செய்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். இரண்டு வாரத்துக்குத் தீனி கூடாது, அப்புறமும் பாதி அளவில் சின்ன இரை, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் நுரை வருகிறதா என்று பாருங்கள், குளிர் பட்டால் நுரையீரல் தொற்று வரும் என்றார். நல்லவேளை, அது வரவில்லை. பேரன் தன் சேமிப்பில் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்தார். செலவு இலவசப் பாம்பின் மதிப்பைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது தீனி ஜூலை இறுதி. மாமா மகன் வருவதாகச் சொல்லியிருந்தார், கிடங்கில் ஆள் வராததால் அவரை இரவு ஷிஃப்டுக்கும் நிறுத்திவிட்டார்கள். நண்பரும் வெளியே. முயல் உருகிவிட்டது, திரும்ப ஃப்ரீசரில் வைக்க முடியாது. பேரன் தனியாகவே தீனி போட்டார். பாம்பு ஒழுங்காக எடுத்துக்கொண்டது. கதவைப் பூட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே இரண்டாவது பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். மறைக்க நினைத்திருந்தால் யார் பெயரையாவது எழுதியிருக்கலாம்.

இரண்டாவது முடிவு

அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் முதல் ஞாயிறு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் எதுவும் சொல்வதற்கு முன் பேரனே பேசினார். "மூணாவது தடவையே தனியாப் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகலைன்னு அடுத்த தடவையும் போடுவேன். எனக்கே தெரியுது."

வேண்டாம் என்று முடிவானது. ஊறின சீலிங்கைச் சரிசெய்யலாம், பேட்டரி வாங்கலாம், தனி ஃப்ரீசர் வாங்கலாம், காகிதம் கேட்டு வாங்கலாம். பணமும் நேரமும் இருந்தால் தீரக்கூடியவை அவை. வீட்டில் எப்போதும் பயிற்சியுள்ள இரண்டாவது ஆள் என்பது அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையில் இல்லை, வரப்போவதும் இல்லை. பாம்பின் மேல் யாரும் குறை சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவருக்கு மாற்றுக் கருத்து உண்டு. பூட்டிய தனி அறையும் ஒழுங்கும் இருந்தால் பெரிய மலைப்பாம்பையும் வீட்டில் வைக்கலாம், உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள் என்பார். வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஷிஃப்ட் வேலை பார்க்கிற, வாரத்தில் ஐந்து நாள் குழந்தை வந்துபோகிற வீட்டை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பாம்புக்கு இடம் தேடியது

கஷ்டமான பகுதி இதுதான். விமானத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பாம்புப் பூங்காக்களுக்குப் போன் செய்தால், பர்மா மலைப்பாம்பு என்றதுமே வேண்டாம் என்றார்கள். எல்லாரிடமும் இருக்கிறது, எல்லாரிடமும் இதே காரணத்துக்காக வந்து சேர்ந்தவை. விளம்பரம் போட்டு விற்கலாம் என்று நண்பர் சொன்னார். யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் கைமாற்றினால் இதே கதை இன்னொரு வீட்டில் தொடங்கும் என்று மறுத்தோம்.

கரும்புத் தோட்டத்தில் விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்கு இடமே இல்லை. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய பர்மா மலைப்பாம்புகள் பெருகிப்போய் என்ன ஆயிற்று என்பது 2012-இல் வெளியான ஆய்விலேயே இருக்கிறது: ரக்கூன் என்ற சிறு விலங்குகள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதே ஆண்டு அமெரிக்கா இந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் காட்டில் நம் மலைப்பாம்பு இருக்கிறது. வெளியூர்ப் பாம்பின் நோயையும் போட்டியையும் அதன் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

வேறு வழியே இல்லாவிட்டால் மருத்துவரிடம் கருணைக்கொலை என்பதையும் பேசினோம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் பேசாமல் இருந்திருந்தால் கடைசி நாள் பதற்றத்தில் யாராவது வேலியோரம் விட்டிருப்பார்கள்.

கடைசியில் கடற்கரைப் பக்கம் அனுமதி பெற்று ஊர்வனவற்றை வைத்திருக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டார். பெரிய பாம்புகளுக்கென்றே கட்டிய அறைகள், இரட்டைக் கதவு, ஜெனரேட்டர், வேலைக்கு எப்போதும் இருவர். அனுமதி விஷயத்தை எழுத்தில் கேட்டு முடித்த பிறகுதான் வண்டி கிளம்பியது. தடித்த துணிப்பையில் பாம்பு, பை ஒரு காற்றுத்துளை போட்ட பூட்டிய பெட்டிக்குள். தூக்கியது மூன்று பேர். இங்கே விட அங்கே கடற்கரைக் குளிர் குறைவு என்பதும் ஒரு லாபம்.

பிறகு

மூக்குப் புண் சில மாதத்தில் ஆறிவிட்டது. பேரன் லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் அங்கே போய் அறைகளைக் கழுவிக்கொடுக்கிறார். அங்கே தீனி போடும்போது இரண்டு பேர் இருப்பதால், கூட நிற்கவும் விடுகிறார்கள். இன்வெர்ட்டர் வீண்போகவில்லை, ஆயாவின் டிவிக்கு ஓடுகிறது. வீட்டில் பாம்பு இல்லை. சின்ன இனமாக ஏதாவது வைக்கலாமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். முதலில் நோட்டை எடுங்கள், இரண்டாவது பெயர் தேவைப்படாத பாம்பாகப் பாருங்கள் என்றேன். இன்னும் முடிவெடுக்கவில்லை.

இனி செய்யும் விதம்

இதற்கப்புறம் இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் பேசும் வரிசை மாறியிருக்கிறது. பாம்பு எப்படி, பெட்டி எப்படி என்பதெல்லாம் பின்னால். முதலில் வீட்டில் இருப்பவர்களின் வார அட்டவணையைக் காகிதத்தில் எழுதச் சொல்கிறேன், ஷிஃப்ட், பள்ளி, கோயில், வெளியூர் எல்லாம் சேர்த்து. இரண்டு பெரியவர்கள், அதுவும் கை வைக்கத் துணிந்தவர்கள், ஒன்றாக இருக்கும் நேரத்துக்கு வட்டம் போடச் சொல்கிறேன். பலருக்கு அந்த இடத்திலேயே பதில் தெரிந்துவிடுகிறது.

பழகிப் பார்க்கும் காலத்தைக் கட்டாயம் குளிர்காலத்தில் வைக்கிறோம். கோடையில் வைத்திருந்தால் அந்த 18 டிகிரி தெரிந்திருக்காது, முயலும் செரித்திருக்கும். மாற்று இடம் தேடும் வேலையைப் பழகத் தொடங்கும் நாளிலேயே தொடங்குகிறோம். எடுத்துக்கொள்வதாக முடிவானாலும், அவசரத்துக்கு அந்தப் பெயர் கையில் இருக்கட்டும். காகிதம் இல்லாத பாம்பைப் பார்க்கப் போவோம், தூக்க மாட்டோம்.

தீனிக்கு உருக வைத்த இரையைப் பற்றியும் ஒரு சின்ன மாற்றம். அன்று பேரன் தனியாகப் போட்டதற்குப் பாதிக் காரணம் அந்த முயல் வீணாகிவிடுமே என்ற எண்ணம். இப்போது இரண்டாவது ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான் வெந்நீரில் போடச் சொல்கிறோம். அதுவரை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டிலேயே இருக்கட்டும். பாம்புத் தீனிக்கென்று தனியாக வைத்த பெட்டியில்.